பொங்கலுக்கு ஓடி வந்துவிடவா?

தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றிலிருந்து ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போன 23 வயது மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

செப்டம்பரில் போனார். வீட்டை விட்டு இருக்கும் முதல் பொங்கல். "நீ இல்லாம எனக்கு என்னட்டி பொங்கலு? இந்த வருசம் நான் பானையே ஏத்தல" என்று அம்மா தினமும் போனில் அழுகிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. தம்பி பத்தாம் வகுப்பு. பகுதி நேர வேலையில் 900 யூரோ சேர்த்திருக்கிறார். ஜனவரி 12 கிளம்பி, யாரிடமும் சொல்லாமல் வாசலில் போய் நின்று, 20-ம் தேதி திரும்பிவிடலாம் என்பது அவர் திட்டம். 14, 15 தேதிகளில் லேப் இருக்கிறது. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துவிடலாம் என்கிறாள் தோழி. விசா ஜனவரி 17-ல் முடிகிறது. நீட்டிக்க ஆன்லைனில் விண்ணப்பித்து, விண்ணப்பம் கிடைத்தது என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரில் வரச் சொன்ன நாள் பிப்ரவரி 11. தேர்வுகள் பிப்ரவரி முதல் வாரம். "வராவிட்டால் இங்கே என்ன பொங்கல்? பனையோலை இல்லை, புத்தரிசி இல்லை, வெயில்கூட இல்லை. விடுதி அடுப்பில் வைத்துத் தின்றால் அது பொங்கலா?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

இந்தப் பயணம் வேண்டாம். ஆசையில் குற்றமில்லை. நீங்கள் எடுத்திருக்கும் தேதிகள்தான் ஆபத்து. ஏன் என்று சொல்லிவிட்டு, பொங்கலை அங்கேயே வைப்பது எப்படி, ஊருக்கு வர நல்ல நாள் எது என்பதற்கு வருகிறேன்.

மின்னஞ்சலைக் காட்டி விமானம் ஏற முடியாது

உங்கள் கணக்கில் பாதி சரி. விசா முடியும் முன்பே விண்ணப்பித்துவிட்டீர்கள். அதனால் ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டம் 81-ம் பிரிவு, 4-ம் உட்பிரிவின்படி, முடிவு வரும் வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் கொள்ளப்படும். 18-ம் தேதி காலையில் நீங்கள் சட்டவிரோதமாக இருப்பவர் ஆகிவிட மாட்டீர்கள். அந்தப் பயம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மீதிப் பாதியில்தான் கோளாறு. நாட்டுக்குள் இருக்கும் வரை அந்தச் சட்டம் உங்களைக் காக்கும். வெளியே போய்த் திரும்ப வேண்டுமென்றால் அதைக் காகிதமாகக் கையில் காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தின் பெயர் ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங். நம் பிள்ளைகள் 'ஃபிக்ஷன் சர்டிபிகேட்' என்று சுருக்கிச் சொல்வார்கள். கட்டணம் 13 யூரோ. அதில் டிக் போட மூன்று கட்டங்கள் இருக்கும். உங்களுக்கு விழ வேண்டியது 81-ன் 4-ம் உட்பிரிவு என்ற கட்டத்தில். 3-ம் உட்பிரிவில் டிக் விழுந்தவர் நாட்டை விட்டுப் போகலாம், அந்தக் காகிதத்தை வைத்துத் திரும்பி வர முடியாது. உங்களிடம் இப்போது இருப்பது இரண்டுமில்லை, வெறும் ரசீது மின்னஞ்சல்.

20-ம் தேதி திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ செக்-இன் கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் பார்ப்பார். 17-ல் முடிந்துவிட்டது. செல்லாத ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் திருப்பி அழைத்துவரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே சந்தேகம் வந்தால் ஏற்ற மாட்டார்கள். சரியான டிக் விழுந்த சர்டிபிகேட்டோடு போனவர்கள்கூட, அதைப் பார்த்துப் பழக்கமில்லாத ஊழியரிடம் நின்று விளக்க வேண்டி வருவதுண்டு. மாட்டிக்கொண்டால் சென்னைத் துணைத் தூதரகத்தில் புது விசாவுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிப்ரவரித் தேர்வு போய்விடும்.

பயணத்தைக் கைவிட்டாலும் அந்தச் சர்டிபிகேட்டை இன்றே கேளுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்கள், விண்ணப்ப ரசீது, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று, பணம் இருப்பதற்கான வங்கிச் சான்று எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து, "17 ஜனவரியில் விசா முடிகிறது, 11 பிப்ரவரி வரை சான்று தேவை" என்று இரண்டே வரியில் எழுதுங்கள். வேலை கொடுத்திருக்கும் கடைக்காரர் உங்கள் அனுமதியின் நகலைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விசா முடிந்த மறுநாள் அவர் கேட்பார். அப்போது காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

அந்த 900 யூரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மாணவருக்கு மாதம் 992 யூரோ வேண்டும் என்று அரசே கணக்கு வைத்துத்தான் உங்களிடம் வருடத்துக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போடச் சொன்னது. உங்கள் சேமிப்பு ஒரு மாத வாழ்க்கைக்குச் சற்றுக் குறைவு. பொங்கல் வாரத்து டிக்கெட் அதை முழுசாக விழுங்கிவிடும். சென்னையில் இறங்கினால் ஊருக்கு ரயிலும் இருக்காது. 60 நாளுக்கு முன் முன்பதிவு திறந்தபோதே பொங்கல் ரயில்கள் நிரம்பிவிட்டன.

டாக்டர் சர்டிபிகேட் யோசனையைத் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது நோய்ச் சான்று வாங்குவது அங்கே விளையாட்டுக் காரியமில்லை. பல்கலைக்கழகம் அதை ஏமாற்று என்றே எடுத்துக்கொள்ளும். லெக்சருக்கு வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது, ஆனால் லேப் அப்படியில்லை. 15-ம் தேதி லேப் காலை 8 மணிக்கே என்றால், வேறு குழுவோடு மாற்றிக்கொள்ளலாமா என்று லேப் பொறுப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். அறுவடைத் திருநாள், காலையில் குடும்ப வழிபாடு என்று உண்மையையே எழுதலாம். மாற்றித் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் டிசம்பரில் கேட்பவருக்குக் கிடைப்பது ஜனவரி 13-ல் கேட்பவருக்குக் கிடைக்காது.

அம்மாவிடம் என்ன சொல்வது

நம் பக்கத்தில் பொங்கலன்று பானை ஏறாத வீடு என்றால் துக்க வீடு. அம்மாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறார். தன் வருத்தம் எவ்வளவு என்று அளந்து காட்ட அவர் கைக்குக் கிடைத்த பெரிய படி அதுதான். நீங்கள் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு டிக்கெட் தேடுகிறீர்கள். "நீ வந்தே ஆக வேண்டும்" என்று அவர் எங்கேயும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

"சும்மா அழாதம்மா" என்று வாயை அடைக்காதீர்கள். "அழுதா நான் படிக்க முடியாது" என்றும் சொல்லாதீர்கள். பிறகு அவர் உங்களிடம் அழுவதை நிறுத்திவிட்டு அடுக்களையில் போய் அழுவார். அவர் போட்ட நிபந்தனையைத் திருப்பிப் போடுங்கள்: "அம்மா, நீ ஏத்தினாத்தான் நான் இங்க ஏத்துவேன். நீ ஏத்தலைன்னா எனக்கும் இந்த வருசம் பொங்கல் இல்ல." இதற்குமேல் எந்த அம்மாவும் பிடிவாதம் பிடிப்பது சிரமம். கூடவே வேலையும் கொடுங்கள். வீட்டில் எந்த உழக்கில் அரிசி அளப்பார், அதற்கு எத்தனை அச்சு வெல்லம், சுக்கு எவ்வளவு தட்டிப் போடுவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் செய்முறை கிடைக்கும்தான், இருந்தாலும் அம்மாவிடம் கேளுங்கள்.

அப்பாவிடம் தனியாகப் பேசி விசா விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அம்மாவின் காதில் அதைப் போட ஊரில் ஒரு ஆள் வேண்டும். அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்த வேலையிலும் கை ஓடவில்லை என்றால் அது பொங்கலைத் தாண்டிய விஷயம். அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம். இதே அளவுகோல் உங்களுக்கும்தான். ஜனவரியில் அங்கே மாலை சீக்கிரமே இருட்டிவிடும். அந்த இருட்டே மனதைக் கீழே இழுக்கும். மாணவர் சேவை மையத்தில் உளவியல் ஆலோசனை உண்டு, மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. போய் உட்கார்ந்து பேச வெட்கப்பட வேண்டாம்.

எந்த நேரத்தில் பானை

வீட்டில் காலை ஆறரைக்குப் பால் பொங்கும்போது உங்களுக்கு நடு இரவு இரண்டு மணி. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மங்கலான திரையைப் பார்த்து அழுதுவிட்டு, மறுநாள் முழுதும் தலைவலியோடு திரிகிறார்கள். விடுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பதால் அந்நேரம் பாத்திரத்தை உருட்டவும் முடியாது.

நீங்கள் இருக்கும் ஜெர்மன் ஊரில் அன்று சூரியன் எட்டு மணி சுமாருக்கு எழும். சூரியப் பொங்கல்தானே, உங்கள் தலைக்கு மேல் வரும் சூரியனுக்கே வையுங்கள். மேகம் மூடியிருந்தாலும் அவன் அங்கேதான் இருப்பான். ஏழு நாற்பதுக்கு அடுப்பை மூட்டினால் எட்டுக்குப் பால் பொங்கும். அப்போது நம் ஊரில் பன்னிரண்டரை. தலைவாழை இலையில் சிறுகிழங்குப் பொரியலும் இடித்த சுக்கு மணமும் பரவும் நேரம். அம்மாவுக்கும் அடுப்படி வேலை முடிந்து கை ஓய்ந்திருக்கும். அந்த அரை மணி நேரத்துக்கு வீடியோ அழைப்பு போதும். காலையிலிருந்து இரவு வரை போனைத் தூணில் சாய்த்து வைத்து 'லைவ்' ஓட்ட வேண்டாம். அது அங்கே இருப்பவர்களையும் நடிக்க வைக்கும்.

குலவை கேட்க வேண்டுமென்றால் வீடியோ அழைப்பை நம்பாதீர்கள். பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதி மனிதப் பேச்சைத்தான் விட்டுவைக்கும், குலவையை இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். பனையோலை படபடவென்று எரிவதும் கேட்காது. தம்பியைப் போனிலேயே வீடியோ பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஓலையில் தீ ஏறுவதிலிருந்து பால் வழிவது வரை, வெட்டாமல்.

விடுதி அடுப்பில்

பொங்கல் கட்டி மூன்றை அடுப்பாக வைத்து முற்றத்தில் ஓலை எரிப்பதை அங்கே மறந்துவிடுங்கள். பால்கனியிலும் கூடாது. விடுதிகளில் புகைமானி தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கலாம். வீண் அலாரத்தில் வண்டி வந்து நின்றால் அதற்கான பில் உங்கள் பெயருக்கு வரலாம். சாம்பிராணி, சூடம் வேண்டாம். அகலில் ஒரு சின்ன மெழுகுத் திரி போதும், அதையும் நீங்கள் நிற்கும்போது மட்டும். புகைமானியைப் பிளாஸ்டிக் உறையால் மூடும் சாமர்த்தியத்தை யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். கேட்காதீர்கள். கோலத்தை நடைபாதையில் போடாதீர்கள், அது தீ விபத்தில் தப்பிக்கும் வழி. கறுப்பு அட்டையில் அரிசி மாவால் போட்டு மேசையில் வைக்கலாம்.

பால் பொங்க வேண்டும், ஆனால் அடுப்பில் வழிந்து கருகக் கூடாது. பொங்கலன்று அலாரம் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். வாய் குறுகிய இரண்டு லிட்டர் பாத்திரத்தில் கால் லிட்டர் பாலும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீருமாக வைப்பதுதான் வழக்கம் என்றாலும், அதில் நுரை விளிம்பை எட்டாது. ஆகவே பாலை மட்டும் தனியாக ஒரு சின்னச் சொம்பில், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை ஊற்றிக் காய்ச்சுங்கள். அது 3.5 சதவீதக் கொழுப்புப் பாலாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு தாம்பாளம். நுரை எழும்பி விளிம்பில் தளதளக்கும்போது அடுப்பை அணைத்து, துணியால் பிடித்துச் சொம்பைத் தாம்பாளத்தில் இறக்குங்கள். மின்னடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், அதனால் அணைப்பது மட்டும் போதாது. இரண்டு கரண்டிப் பால் தாம்பாளத்தில் வழியும். அவ்வளவு போதும், "பொங்கலோ பொங்கல்" சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாலைத்தான் அரிசிப் பானையில் சேர்க்க வேண்டும். ஆறு பேருக்கு அளவு: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம் (வறுத்தது), பால் 250 மில்லி, தண்ணீர் 800 மில்லி, வெல்லம் 300 கிராம், நெய் நாலு மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலு, சுக்கு ஒரு சிட்டிகை, முந்திரி, திராட்சை. அரிசியும் பருப்பும் மசியும் வரை வெல்லம் பக்கமே போகாதீர்கள். முன்னாலேயே போட்டால் அரிசி அப்படியே விறைத்து நிற்கும், பாலும் திரிந்துபோகும். வெல்லத்தை அரைக் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அரிசி குழைந்த பிறகு சிறு தீயில் ஊற்றுங்கள். கண்ணாடி மேற்பரப்பு அடுப்பாக இருந்தால் வெல்லப் பாகு ஒரு துளி சிந்தினாலும் சூடாக இருக்கும்போதே சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆறினால் கண்ணாடியையே பெயர்க்கும், அறையைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள். மண்பானை ஆசையும் வேண்டாம், அந்த அடுப்பில் கீறல் விட்டுவிடும்.

இந்தியக் கடை தூரமென்றால் சூப்பர் மார்க்கெட்டில் மில்ஷ்ரைஸ் என்று ஒரு குட்டை அரிசி இருக்கும், நன்றாகக் குழையும். நெய்க்குப் பதில் புட்டர்ஷ்மால்ட்ஸ். அது உருக்கிய வெண்ணெய்தான். சிறுகிழங்கு கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆசியக் கடையில் சேப்பங்கிழங்கும், எங்கேயும் சர்க்கரைவள்ளியும் உண்டு. ஹொக்கைடோ என்ற சின்னப் பூசணியைத் தோலோடு சமைக்கலாம்.

பொங்கல் நாளான 15-ம் தேதி வியாழனன்று காலை நீங்கள் மட்டும் சின்னதாகப் பொங்குங்கள். கூடி உண்பதை 18-ம் தேதி ஞாயிறுக்கு வைத்து, அறைத் தோழிகளைக் கூப்பிடுங்கள். ஞாயிறு அங்கே கடை திறக்காது, எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். பொதுச் சமையலறையை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறோம் என்று மூன்று நாள் முன்பே குழுவில் செய்தி போடுங்கள். பால் சாப்பிடாதவர் ஒருவராவது இருப்பார். ஒரு சின்னக் கிண்ணத்துக்குத் தேங்காய்ப் பாலில் செய்துவிடுங்கள். வியாழனன்று மிஞ்சிய வெண்பொங்கலில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் கரிநாளுக்குச் சுண்டக்குழம்போடு சாப்பிடுவதை மட்டும் யாருக்கும் பங்கு தர வேண்டாம்.

புத்தரிசி இல்லாமல் பொங்கலா என்று கேட்டிருந்தீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் தை முதல் நாள் பிசான நெற்பயிர் பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். அறுவடை மாசி, பங்குனிக்குத்தான். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பானையிலும் பல வருடம் ஏறியது பழைய அரிசிதான்.

வீட்டிலிருந்து பார்சல் வர வேண்டுமென்றால் இந்த வாரமே போட வேண்டும். தனியார் ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு 45 யூரோ மதிப்பு வரை வரி இல்லை. பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எடை, விலை எழுத வேண்டும். நெய், பால்கோவா போன்ற பால் பண்டங்களும் இறைச்சியும் கூடாது. சுக்கு, ஏலக்காய், கருப்பட்டி அனுப்பலாம். கோலப்பொடியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயர் எழுதாத வெள்ளைப் பொடிப் பொட்டலத்தைச் சுங்கத்தில் யாரும் ரசிக்க மாட்டார்கள்.

வர நல்ல நாள்

பங்குனி உத்திரம். 2026-ல் அது ஏப்ரல் 1, புதன். நம் சீமையில் பொங்கலுக்கு வராதவர்கள்கூடக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வருவார்கள். மும்பையிலும் துபாயிலும் இருக்கும் உங்கள் பங்காளிகள் எல்லாரும் அன்று ஒரே மரத்தடியில் இருப்பார்கள். உங்கள் தேர்வு அதற்குள் முடிந்திருக்கும். பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ லெக்சர் பொதுவாக ஏப்ரல் நடுவில்தான் தொடங்கும், உங்கள் துறை நாள்காட்டியில் மட்டும் சரிபாருங்கள். பிப்ரவரி 11-ல் கைரேகை கொடுத்தால் புது அனுமதி அட்டை அச்சாகி வரச் சில வாரம் ஆகும். அது கைக்கு வந்த பிறகே டிக்கெட் போடுங்கள், அதுவரை விலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். தேதி உறுதியாகும் முன் அம்மாவிடம் "உத்திரத்துக்கு வரப் பாக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உறுதியான அன்றே முழுசாகச் சொல்லிவிடுங்கள். வாசலில் திடீரென்று போய் நிற்பதைவிட, வருகிறாள் என்று நாலு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதுதான் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது பெட்டியில் மஞ்சள் குலை, வாழை இலை, கரும்பு, பனங்கிழங்கு எதுவும் வேண்டாம், பயிர் நலச் சான்று இல்லாமல் ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள். சான்று கேட்காத பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, டுரியான், தேங்காய். கோயிலில் உடைக்காமல் தரும் தேங்காய்க்கு அங்கே சான்று கேட்க மாட்டார்கள்.